கிட்டாரைத் துடைக்கிறேன் பேர்வழி என்று

விஜயதசமி காலை. முதல் நாள் பூஜையில் வைத்த கிட்டாரை எடுத்து மடியில் போட்டேன். கம்பிகளைப் பலகையோடு பிடித்திருக்கும் மரத்துண்டான பிரிட்ஜுக்குக் கீழே அம்மா வைத்த சந்தனம் காய்ந்து ஓரம் பெயர்ந்து நின்றது, நடுவில் குங்குமம். நகத்தால் சுரண்டினால் கீறல் விழும் என்ற புத்தி எனக்கு இருந்தது. மேஜையில் கிடந்த சானிடைசரைப் பஞ்சில் நனைத்துத் தேய்க்கக் கூடாது என்ற புத்திதான் இல்லை. இரண்டே இழுப்பு. சந்தனம் போனது, கூடவே பளபளப்பும் போனது. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு மங்கல் வட்டம். விரல் வைத்தால் பிசுபிசுத்தது. பஞ்சிலிருந்து பிரிந்த இழை ஒன்று அதில் அப்படியே பதிந்துகொண்டது. பஞ்சைப் புரட்டிப் பார்த்தால் தேன் நிறத்தில் கறை. பரவாயில்லையே, இவ்வளவு அழுக்கு வந்திருக்கிறதே என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அது கிட்டாரின் மேல்பூச்சு.

அது நைலான் கம்பி போட்ட பழைய கிளாசிக்கல் கிட்டார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதன் பூச்சு அரக்கு. பாண்டவர்களை உள்ளே வைத்து எரிக்க மாளிகை கட்டினார்களே, அதே அரக்கு. மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சுத்தம் செய்து, ஸ்பிரிட்டில், அதாவது ஆல்கஹாலில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் மெல்ல மெல்லத் தேய்த்துப் படலம் படலமாக ஏற்றுவார்கள். நம்மூர் தச்சர்கள் பிரெஞ்ச் பாலிஷ், ஸ்பிரிட் பாலிஷ் என்று கதவுக்கும் கட்டிலுக்கும் போடுவதும் இதுதான். ஸ்பிரிட்டில் கரைந்து ஏறியது, ஸ்பிரிட் பட்டால் கரைந்து இறங்கத்தானே செய்யும்? சானிடைசரில் பெரும்பங்கு ஆல்கஹால்.

அதற்குப் பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் கிட்டாரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. பார்த்தவரை சொல்கிறேன்: அழுக்கு சேர்ந்து கெட்ட ஃபினிஷை, அதாவது மேல்பூச்சை விட, அக்கறையாகத் துடைத்துக் கெட்ட ஃபினிஷ்தான் அதிகம் கண்ணில் படுகிறது. அடிக்கடி நடக்கும் தவறுகள் இவை.

பூச்சு எது என்று தெரியாமல் கை வைப்பது

மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது. கையால் செய்த கிளாசிக்கல் கிட்டார்களில் அரக்கு இருக்கலாம். மார்ட்டின், கிப்சன் போன்ற கிட்டார் கம்பெனிகளின் விலை கூடிய மாடல்களில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற பூச்சு இருக்கும், வாசிப்பவர்கள் சுருக்கமாக நைட்ரோ என்பார்கள். இது, பெயிண்டை இளக்கக் கலக்கும் தின்னர் ஆவியாகிக் காயும் பூச்சு. இருபது வருஷம் கழித்துத் தின்னரோ அசிட்டோனோ பட்டாலும் மறுபடி இளகும். வயதாக ஆக லேசாக மஞ்சளிக்கும். பழைய கிட்டார்களின் அந்தத் தேன் நிறத்துக்கு இதுவும் ஒரு காரணம், அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்க்க வேண்டாம்.

நம்மில் பலர் கற்றுக்கொள்ள வாங்கும் கிட்டார்களில் இருப்பது பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர். டெய்லர் போன்ற பெரிய கம்பெனிகூடப் புற ஊதா ஒளியில் இறுக வைக்கும் பாலியெஸ்டரைப் பயன்படுத்துகிறது. இது ரசாயன மாற்றத்தால் இறுகுவதால் மறுபடி கரையாது. முரட்டுப் பிள்ளை, நிறையத் தாங்கும். ஆனால் கீறல் விழும், மங்கும், ஓரத்தில் அடிபட்டால் சில்லு பெயரும்.

உங்கள் கிட்டாரில் எது என்று மாடல் எண்ணை வைத்துத் தேடினால் பெரும்பாலும் கம்பெனியே சொல்லியிருக்கும். ஒரு மூலையில் தின்னர் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று வீடியோக்களில் ஒரு யோசனை உலவுகிறது. அதைச் செய்யாதீர்கள். தெரியவில்லை என்றால் அரக்கு என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள், அதனால் எந்தக் கிட்டாரும் கெட்டுப்போகாது. நல்ல கிட்டாரின் மேல்பலகையில் பூச்சு ஏறக்குறைய ஒரு தாளின் கனம்தான் இருக்கும். பூச்சு தடித்தால் பலகையின் அதிர்வு மட்டுப்படும் என்பதால் வேண்டுமென்றே மெல்லிசாகப் போடுகிறார்கள். ஒவ்வொரு முறை அழுத்தித் தேய்க்கும்போதும் அந்தத் தாளில் கொஞ்சம் போகிறது.

வீட்டில் இருப்பதை எடுத்துத் தடவுவது

கண்ணாடி துடைக்கும் நீலத் தண்ணீர், ஃபர்னிச்சர் ஸ்ப்ரே, கார் பாலிஷ், பற்பசை, தேங்காய் எண்ணெய். இந்த ஐந்தையும் பரிந்துரை செய்பவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். முதலாவதில் பெரும்பாலும் அம்மோனியாவோ ஆல்கஹாலோ இருக்கும். பற்பசை அராவும் பொருள், பல்லுக்கு ஆகும், லாக்கருக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் அன்றைக்கு மினுக்கும், ஒரு வாரத்தில் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு சிக்கு வாடை.

ஃபர்னிச்சர் ஸ்ப்ரேயும் கார் பாலிஷும்தான் விஷயம் தெரியாதவர்களை ஏமாற்றுகிறவை, ஏனென்றால் போட்டவுடன் நிஜமாகவே நன்றாக இருக்கும். இவற்றில் பலவற்றில் சிலிக்கோன் உண்டு. கிட்டார் என்றைக்காவது ரிப்பேருக்குப் போய், அந்த இடத்தில் புதுப் பூச்சு போட வேண்டி வந்தால், சிலிக்கோன் ஒட்டிய இடத்தில் லாக்கர் பரவாமல் விலகி மீன்கண் போலக் குழி குழியாக நிற்கும். ரிப்பேர்க்காரர் நம்மைப் பார்க்கும் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

பூச்சில் வெடிப்பு இருக்கும் கிட்டாருக்கு எந்தத் திரவ பாலிஷும் வேண்டாம். வெடிப்பு வழியாக மரத்துக்குள் இறங்கிக் கறையாகும். பின்னால் அங்கே பசை வைத்து ஒட்ட வேண்டி வந்தால் பசை பிடிக்காது.

மேட் ஃபினிஷைப் பளபளப்பாக்கப் பார்ப்பது

மேட், சாட்டின் பூச்சுகள் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம், அவற்றின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாக இருந்து ஒளியைச் சிதற விடுவது. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அந்தச் சொரசொரப்பு மழுங்கி அங்கங்கே திட்டுத் திட்டாக மினுமினுக்கும். திருப்பி மங்கலாக்குவது பெரும்பாடு. வலது முழங்கை படும் இடம் எப்படியும் வழவழப்பாகிவிடும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

காய்ந்த துணியால் அழுத்தித் துடைப்பது

எதுவுமே போடாமல் துடைத்தால் ஆபத்தில்லை என்று தோன்றும். பிரிட்ஜுக்கும் சவுண்ட் ஹோல் என்ற வட்டத் துளைக்கும் நடுவே, கம்பிகளுக்கு அடியில், ஒரு மாதம் துடைக்காத கிட்டாரில் விரலை ஓட்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் நறநறவென்று வரும். தெரு மண்ணும், கம்பியிலிருந்து உதிர்ந்த உலோகத் தூளும், காய்ந்த வியர்வை உப்பும் அதில் உண்டு. இதன் மேல் துணியை வைத்து அழுத்தினால் உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். கருப்புக் கிட்டார்களில் சூரிய வெளிச்சம் படும்போது தெரியும் வட்ட வட்டமான மயிரிழைக் கீறல்கள் இப்படி வந்தவை.

முதலில் மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தள்ளிவிடுங்கள். ஓவியம் வரையும் அகலப் பிரஷ் போதும். பிறகு வாயால் ஹா என்று ஊதுங்கள், மூக்குக்கண்ணாடி துடைப்போமே அது போல. அந்த ஆவி படிந்த இடத்தை மைக்ரோஃபைபர் துணியாலோ பழைய பனியன் துணியாலோ மெல்லத் துடையுங்கள். பனியனில் தையல் ஓரத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். பத்தில் ஒன்பது நாள் இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. எனக்கு வந்த சந்தனப் பிரச்சினைக்கும் இதுவே போதுமாக இருந்திருக்கும்.

வியர்வை உப்பு நீரில்தான் கரையும், பாலிஷில் கரையாது. கை அதிகம் வியர்ப்பவர்கள் துணியைத் தண்ணீரில் நனைத்து, சொட்டுக்கூட வராத அளவுக்குப் பிழிந்து துடைத்துவிட்டு, உடனே காய்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். அரக்கின் மேல் ஈரம் நின்றால் வெள்ளைத் தழும்பு விழும். ஸ்டிக்கர் பசை போன்ற எண்ணெய்ப் பிசுக்குக்கு லைட்டரில் ஊற்றும் நாப்தா திரவம் இரண்டு சொட்டு துணியில் விட்டுத் துடைக்கலாம். நன்றாகக் காய்ந்த அரக்கையும் நைட்ரோவையும் பாலியூரித்தேன், பாலியெஸ்டரையும் அது கரைக்காது. மறைவான இடத்தில் ஒரு முறை சோதித்துப் பார்த்து, ஜன்னலைத் திறந்து வைத்து, சாமி விளக்கு எரியாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். ஸ்டிக்கரை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொடவே கூடாது. அதிலுள்ள அசிட்டோன் நைட்ரோவோடு நிற்காது, கிட்டாரின் ஓரத்தில் ஓடும் பிளாஸ்டிக் பட்டையையும் கரைத்துவிடும்.

ஃப்ரெட்போர்டு எண்ணெயை உடம்புக்கும் பூசுவது

லெமன் ஆயில் என்று விற்பது பூச்சில்லாத ரோஸ்வுட், எபனி மரத்துக்கு. விரலால் கம்பியை அழுத்தும் பலகையான ஃப்ரெட்போர்டும் பிரிட்ஜும் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை, துணியில் சில சொட்டு, ஐந்து நிமிஷத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். மேப்பிள் என்ற வெளிர் நிற மரத்தாலான ஃப்ரெட்போர்டில் வழக்கமாக மேல்பூச்சு இருக்கும், அதற்கு எண்ணெய் தேவையே இல்லை.

நிறுத்தி வைக்கும் இடத்தை மறந்துவிடுவது

துடைப்பதில் இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, நைட்ரோ கிட்டாரை ரப்பர் வைத்த ஸ்டாண்டில் மாதக்கணக்கில் சாய்த்து வைப்பவர்கள் உண்டு. சில ரப்பர்களிலும் வினைலிலும் இருக்கும் ரசாயனங்கள் மெல்லக் கசிந்து லாக்கரை இளக்கும். எடுக்கும்போது கழுத்தின் பின்புறம் இரண்டு கருத்த தழும்பு இருக்கும். வினைல் ஸ்ட்ராப்பைக் கிட்டாரின் மேலேயே சுருட்டி வைத்தாலும் இதேதான். ஸ்டாண்டின் ரப்பரை ஒரு பருத்தித் துணியால் சுற்றினால் விஷயம் முடிந்தது. கொசுவிரட்டி க்ரீம் பூசிக்கொண்டு மொட்டைமாடியில் வாசிப்பவர்களும் கவனிக்கவும்: டீட் என்ற கொசுவிரட்டி ரசாயனம் லாக்கரையும் பிளாஸ்டிக்கையும் இளக்கக்கூடியது.

அடுத்தது காற்று. பெரிய கம்பெனிகள் சொல்லும் ஈரப்பத அளவு 45 முதல் 55 சதவீதம். சென்னையில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும், இங்கே வெளியில் 70 சாதாரணம். ஆனால் நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் அது நன்றாகவே இறங்கும். கிட்டாரின் உள்பக்கம் பொதுவாகப் பூச்சில்லாத வெறும் மரம், ஈரம் ஏறுவதும் இறங்குவதும் அந்த வழியாகத்தான். மரம் விரிந்து சுருங்கும்போது நைட்ரோ போன்ற விறைத்த பூச்சு அதோடு ஓட முடியாமல் கண்ணாடி போல வெடிக்கிறது. வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்த கிட்டார் கேஸை ஏசி அறையில் உடனே திறக்காமல் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். காரிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது இதைவிட மோசம். சூட்டில் பசை இளகி, கம்பியின் இழுவையில் பிரிட்ஜே தூக்கிக்கொள்ளும்.

வாசித்து வாசித்துத் தேய்ந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969-இல் வாங்கிய மார்ட்டின் என்-20 கிட்டாரில் பூச்சு தேய்ந்து, மரமும் தேய்ந்து, சவுண்ட் ஹோலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டையே விழுந்திருக்கிறது. பலகையைக் காக்கும் தகடான பிக் கார்டு இல்லாத நைலான் கம்பிக் கிட்டாரை, கம்பி மீட்டும் சின்னத் தகடான பிக்கால் அடித்து வாசித்ததன் பலன். மனிதர் அதை வைத்துக்கொண்டுதான் கச்சேரி செய்தார்.

என் கிட்டாருக்கு வருவோம். அரக்கில் உள்ள ஒரே நிம்மதி, புதுப் படலம் பழையதோடு கரைந்து சேர்ந்துவிடும். ரிப்பேர் செய்பவர் பதிந்திருந்த பஞ்சு இழையை ஊசி முனையால் எடுத்துவிட்டு, நான்கைந்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பூச்சு ஏற்றிக் கொடுத்தார். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்துப் பிடித்தால் அந்த வட்டம் லேசாகத் தெரியும். இந்த வருஷப் பூஜைக்கு அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து, கிட்டாரையும் என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, பொட்டைக் கேஸின் மேல் வைத்தார்.