மஞ்சள் தொண்டைச் சிட்டு: குறிப்பேட்டில் நேரும் தவறுகள்

பறவை பார்க்கத் தொடங்கியவர்கள் மஞ்சள் தொண்டைச் சிட்டைக் கண்டதும் பெரும்பாலும் ‘பெண் சிட்டுக்குருவி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நல்ல பறவை ஒன்று இப்படிக் கணக்கில் வராமல் போவது எனக்குப் பெரிய வருத்தம்.

முதலில் முதுகைப் பாருங்கள். பெண் சிட்டுக்குருவியின் முதுகில் கரும்பழுப்புக் கோடுகள் ஓடும். இதற்குக் கோடே கிடையாது, வெறும் சாம்பல் பழுப்புதான். இறக்கையில் வெள்ளைப் பட்டைகள், ஆணின் தோளில் செம்பழுப்புத் திட்டு, கொஞ்சம் நீண்டு மெலிந்த அலகு. மஞ்சளை மட்டும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அது சின்னப் பொட்டு. பறவை தலையைத் தூக்கினால்தான் தெரியும், பெண்ணுக்கு இன்னும் மங்கல். பின்னாளில் பறவையியல் அறிஞரான சலீம் அலிகூடச் சிறுவயதில் தன் காற்றுத் துப்பாக்கியால் சுட்ட சிட்டைக் கையில் எடுத்த பிறகுதான் அந்த மஞ்சளைக் கவனித்தார். அது என்ன பறவை என்று கேட்கத்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார்.

அடுத்தது பெயரில் வரும் குழப்பம். தமிழில் தேன்சிட்டு, மாம்பழச்சிட்டு எல்லாமே ‘சிட்டு’தான், ஆனால் அவை சிட்டுக்குருவிக் குடும்பம் அல்ல. தூக்கணாங்குருவியும் வேறு குடும்பம். மஞ்சள் தொண்டைச் சிட்டு அதே குடும்பம்தான், பேரினம் (குடும்பத்துக்குள் நெருங்கிய இனங்களின் தொகுதி) மட்டும் வேறு: ஜிம்னோரிஸ். பழைய கையேடுகளில் ‘பெட்ரோனியா’ என்று இருக்கும். அதைப் பார்த்து எழுதாதீர்கள். அந்தப் பேரினத்தில் இப்போது பாறைச் சிட்டு மட்டுமே இருக்கிறது. அதன் தொண்டையிலும் மஞ்சள் பொட்டு உண்டு என்பதையும் மறக்கவேண்டாம்.

சரி, பரவல். ‘இந்தியப் பறவை’ என்று முடித்துவிடுவதும் தவறு. ஜிம்னோரிஸில் உள்ள 4 இனங்களில் 3 ஆப்பிரிக்காவில் வாழ்பவை. நம் இனம் தென்கிழக்குத் துருக்கியில் தொடங்கி ஈராக், ஈரான், பாகிஸ்தான் வழியாக இந்தியா வரை பரவியிருக்கிறது. மேற்கே குஞ்சு பொரிப்பவை குளிர்காலத்தில் இந்தியப் பக்கம் வந்துவிடும். அதனால் வரைபடத்தில் எல்லா இடத்துக்கும் ஒரே வண்ணம் பூசக்கூடாது.

அப்புறம், இதை வீட்டு இறவாணத்தில் தேடாதீர்கள். வறண்ட காட்டோரம், தோப்பு, வயலோரப் பெருமரங்கள்தான் இதன் இடம். கூடு பெரும்பாலும் மரப்பொந்தில், சில நேரம் மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில். விறகுக்காகப் பட்டமரத்தை வெட்டிவிட்டால் அந்தப் பொந்தும் போய்விடும்.