வேலூர்ப் பழைய வீட்டு வாஷ்பேசினைப் புதுப்பிப்பதும் மாற்றுவதும்: முதன்முறை செய்பவர்களுக்கு

வேலூரின் கொசப்பேட்டை, சைதாப்பேட்டை, சலவன்பேட்டைப் பகுதிகளிலும், ஆற்காடு, குடியாத்தம் போன்ற ஊர்களின் பழைய தெருக்களிலும், குளியலறை வாஷ்பேசின் மஞ்சளித்து அடியில் சொட்டத் தொடங்கியதும், பலர் முதலில் கடைக்குப் போய்ப் புதிய பேசினின் விலையைத்தான் கேட்கிறார்கள். அதற்கு முன் இரண்டைப் பார்க்க வேண்டும்: ஒன்று பேசினின் மெருகு, அதாவது பீங்கானின் மேலுள்ள கண்ணாடி போன்ற பூச்சு; மற்றொன்று அதைத் தாங்கி நிற்கும் சுவர். ராணிப்பேட்டையில் பாரிவேர் நிறுவனத்தின் குளியலறைப் பீங்கான் தயாராகி வந்த பகுதி இது. பழைய பீங்கான் எளிதில் தேய்வதில்லை. அதைச் சுற்றியுள்ள இரும்பும் ரப்பரும் சுண்ணாம்புக் காரையும்தான் முதலில் கெடுகின்றன.

மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

பேசினைத் துடைத்து உலர்த்திவிட்டு, விரல் மூட்டால் பல இடங்களில் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் உடல் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஓரிடத்தில் மட்டும் மந்தமாக ஒலித்தால் அங்கே விரிசல் இருக்கக்கூடும். அடுத்ததாக, கறை படிந்த இடத்தில் ஒரு சொட்டுப் பேனா மையை வைத்து, சற்று நேரம் கழித்து ஈரத்துணியால் துடையுங்கள். மை முழுவதும் போய்விட்டால் மெருகு அப்படியே இருக்கிறது. நீங்கள் காண்பது மேலே படிந்த உப்பு மட்டுமே. மை உள்ளே இறங்கி நின்றுவிட்டால், பல்லாண்டு சொரசொரப்பான பொடியால் தேய்த்ததில் மெருகு போய்விட்டது என்று அறியலாம். அதன் மேல் பெயிண்ட் பூசித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. தினமும் தண்ணீர் விழும் பேசினில் அந்தப் பூச்சு உரிந்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். விரிசலோ மெருகிழப்போ இருந்தால் மாற்றுங்கள். இரண்டும் இல்லையென்றால் சுத்தம் செய்தாலே போதும்.

உப்புக் கறையை அகற்றுதல்

நம் பகுதியில் பல வீடுகள் காவிரிக் கூட்டுக் குடிநீரைக் குடிப்பதற்குப் பிடித்து வைத்துக்கொண்டு, புழங்குவதற்குப் போர் தண்ணீரையே பயன்படுத்துகின்றன. அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில் துளிகள் விரைவாக உலரும்போது, வெள்ளைப் படிவாகத் தங்கிவிடுகிறது. இதற்கு எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம் போதும். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து, பழைய பருத்தித் துணியை அதில் நனைத்துக் கறையின் மேல் ஒட்டி, ஒரு மணி நேரம் காயாமல் வைத்திருந்து, பிறகு மென்மையான பிரஷால் தேயுங்கள். கெட்டியான படிவுக்கு இதையே இரண்டு மூன்று முறை செய்ய நேரலாம்; பொறுமைதான் வேண்டும்.

பாத்ரூம் ஆசிடை மட்டும் ஊற்றாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குழாயின் குரோமியப் பூச்சையும் டைல்ஸ் இடுக்குகளின் சிமெண்டையும் அரித்துவிடும். பேசினில் பிளீச்சிங் பவுடர் மிச்சம் இருந்து இரண்டும் கலந்தால், மூச்சை அடைக்கும் குளோரின் வாயு வெளிவரும். சிறிய, காற்றோட்டமில்லாத பழைய குளியலறைகளில் இது உயிருக்கே ஆபத்தானது.

பழைய பேசினைக் கழற்றுதல்

மாற்றத்தான் வேண்டும் என்றால், கழற்றுவதற்கு முன்பே அளவெடுங்கள். பேசினின் அகலம், சுவரிலிருந்து அதன் நீட்சி, இரண்டு போல்ட்டுகளுக்கு இடையேயுள்ள தூரம், சுவரில் வேஸ்ட் பைப் நுழையும் உயரம் ஆகியவற்றைத் தாளில் வரைந்து கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பேசினின் அடித்துளையில் பொருத்தும் வடிகால் வாய்க்கு வேஸ்ட் கப்ளிங் என்று பெயர். புதிய பேசினில், நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் துளை இருந்தால் அரை மரை வேஸ்ட் கப்ளிங்கும், அந்தத் துளை இல்லையென்றால் முழு மரை கப்ளிங்கும் கேட்டு வாங்க வேண்டும். மாற்றி வாங்கினால், வழிந்தோட வேண்டிய தண்ணீர் போக வழியின்றி நிற்கும் அல்லது கீழே கசியும்.

பழைய வீடுகளில் பேசினுக்கென்று தனி ஆங்கிள் வால்வு (சுவரோரம் தண்ணீரை மூடித் திறக்கும் சிறிய வால்வு) பெரும்பாலும் இருக்காது. மாடித் தொட்டியின் கேட் வால்வை மூடினாலும், உள்ளே உப்பு படிந்திருந்தால் அது முழுதாக மூடாது. எனவே தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். பேசினின் கழிவுநீர் இறங்கும் பாட்டில் வடிவ அமைப்பான பாட்டில் டிராப்பின் அடியில் வாளியை வைத்து, அதன் கிண்ணத்தைக் கையாலேயே திருகிக் கழற்றுங்கள். பிறகு வருவது, பேசினின் குழாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கனெக்‌ஷன் பைப். சுவருக்குள்ளிருந்து வரும் பழைய இரும்புக் குழாயில் நட்டு துருப்பிடித்து இறுகியிருக்கும்; மண்ணெண்ணெயோ துரு நீக்கும் ஆயிலோ விட்டு ஊறவையுங்கள். நட்டைத் திருப்பும்போது இன்னொரு ரிஞ்சால் குழாயை அசையாமல் பிடித்துக்கொள்வது மிக முக்கியம். அப்படிப் பிடிக்காமல் திருப்பினால், துருவேறிய குழாய் சுவருக்குள்ளேயே முறியலாம். ஒரு பகல் வேலை சுவரை உடைக்கும் வேலையாக மாறிவிடும்.

பேசினுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெள்ளை சிமெண்டைப் பிளேடால் அறுத்துவிட்டு, பேசினை ஒருவர் தாங்கிப் பிடிக்க, மற்றவர் நட்டுகளைக் கழற்ற வேண்டும். தனியாளாகச் செய்யாதீர்கள். கனெக்‌ஷன் பைப்பைக் கழற்றிய இடத்தில் உடனே ஒரு புதிய ஆங்கிள் வால்வைப் பொருத்திவிட்டால், வீட்டின் மற்ற குழாய்களில் தண்ணீரைத் திறந்துவிடலாம்.

சுவரைக் கவனியுங்கள்

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய சுவரில் டிரில்லிங் மெஷினை வைத்ததும் வெளிறிய தூள் தாராளமாகக் கொட்டினால், துளை கல் இடுக்கில் விழுந்திருக்கிறது. அங்கே போல்ட் நிற்காது. செந்தூள் வரும் இடமே செங்கல். அதிலும், விரிந்து பிடிக்கும் வகை போல்ட்டுகள் பழைய மென்மையான செங்கல்லைப் பிளந்துவிடக்கூடும். ஆகவே சுவரில் சிறிய குழி வெட்டி, தூளை நீக்கி, நன்றாக நனைத்து, ஒன்றுக்கு மூன்று என்ற அளவில் சிமெண்டும் மணலும் கலந்த கலவையில் ரேக் போல்ட்டுகளை (கலவைக்குள் பிடித்து நிற்கும்படி முனை அமைந்த போல்ட்டுகள்) பதிப்பதே நம்பகமானது. பதித்தபின் ஒரு வாரம் தண்ணீர் தெளித்து வாருங்கள். அதற்குள் பேசினை மாட்டும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

சுவர் கையால் சுரண்டினாலே உதிர்கிறதென்றால் அதை நம்பவே வேண்டாம். தரையிலிருந்து இரண்டு சிறு செங்கல் தூண்களை எழுப்பி, அவற்றின் மேல் ஒரு கடப்பாக் கல்லையோ கருங்கல் பலகையையோ வைத்து, அதில் பேசினை அமர்த்தினால் எடை முழுவதும் தரைக்குப் போய்விடும். செலவு சற்றுக் கூடினாலும், வயதானவர்கள் பேசினைப் பிடித்து எழும் வீடுகளில் நான் இதையே செய்யச் சொல்வேன்.

புதியதைப் பொருத்துதல்

குழாயையும் வேஸ்ட் கப்ளிங்கையும் பேசினைத் தரையில் கவிழ்த்து வைத்தே பொருத்திவிடுங்கள். மாட்டியபின் அடியில் கை நுழைவது கடினம். மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கசிவைத் தடுக்கும் மெல்லிய வெள்ளை நாடாவான டெஃப்ளான் டேப்பைக் கடிகாரம் சுழலும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போது அவிழ்ந்துகொண்டே வரும். ரப்பர் வாஷர் பீங்கானைத் தொட்டு அமர வேண்டும். நட்டைக் கையால் முடிந்தவரை இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். மேலும் இறுக்கினால் பீங்கான் விரிசல் விடும்.

பேசினின் மேல் விளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துவிட்டு, பாட்டில் டிராப்பையும் கனெக்‌ஷன் பைப்பையும் இணையுங்கள். டிராப்பின் கிண்ணத்தில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிறது. எனவே அதை விட்டுவிட்டு நேராகக் குழாயை இழுத்துக் கொடுக்கும் யோசனையை ஏற்காதீர்கள்.

ஒவ்வொரு இணைப்பின் கீழும் உலர்ந்த செய்தித்தாளை விரித்து, பேசினை விளிம்பு வரை நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். தாளில் ஒரு துளி ஈரம் தெரிந்தாலும் அந்த இணைப்பைக் கழற்றி வாஷரைச் சரியாக அமர்த்துங்கள். கசிவு இல்லையென்று உறுதியானபின் சுவரோர இடுக்கை நன்கு உலர்த்தி, சிலிக்கோன் பூசி, 24 மணி நேரம் தண்ணீர் படாமல் விடுங்கள். மாதம் ஒருமுறை ஆங்கிள் வால்வை மூடித் திறந்து வந்தால், உப்பு படிந்து அது இறுகிப்போகாது.