பார்பிக்யூ போட்டியில் கடிகாரத்திடம் தோற்காமல் இருக்க

அமெரிக்காவில் தன்னார்வத் தீயணைப்பு நிலையத்துக்கோ தேவாலயத்துக்கோ பணம் திரட்ட பார்பிக்யூ சமையல் போட்டி வைப்பது பழகிப்போன வழி. அணிகள் முந்தின மாலையே வந்து கூடாரம் போட்டு, இரவெல்லாம் இறைச்சியைப் புகையில் வேகவைக்கும். மறுநாள் நடுவர்களுக்குக் கொஞ்சம், டிக்கெட் வாங்கி வரும் மக்களுக்கு மீதி. இந்த நாள் மசாலாவால் கெடுவது அபூர்வம். நேரக்கணக்கு பிசகினால்தான் எல்லாம் கெடும்.

கான்சாஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டி விதிப்படி நடக்கும் போட்டிகளில் நடுவர்களிடம் ஒப்படைக்கும் நேரம் வழக்கமாகக் கோழிக்குப் பகல் 12:00, விலாக்கறி 12:30, பன்றித் தோள்கறி 1:00, மாட்டு நெஞ்சுக்கறியான பிரிஸ்கெட் 1:30. முன்னே ஐந்து நிமிடம், பின்னே ஐந்து நிமிடம்தான் சலுகை. புதியவர்கள் பிரிஸ்கெட்டை "பவுண்டுக்கு ஒரு மணி நேரம்" என்று கணக்குப் போட்டு ஏற்றுகிறார்கள். 13 பவுண்டு, அதாவது சுமார் 6 கிலோ துண்டு 250 டிகிரி பாரன்ஹீட்டில் 10 மணி நேரத்திலும் வேகும், 14 மணி நேரமும் இழுக்கும்.

காரணம், நடுவில் வரும் தேக்கம். உள்சூடு 150-170 டிகிரியை (இங்கே எல்லாமே பாரன்ஹீட்) எட்டியதும் வெப்பமானி முள் மணிக்கணக்கில் நகராது. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதே கதைதான்: இறைச்சியிலிருந்து கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோய்விடுகிறது. இதைப் பார்த்துப் பதறித் தீயைக் கூட்டினால் மேலே காய்ந்து உள்ளே வேகாமல் நிற்கும். மேற்புறம் கரும்பழுப்பாகி, விரலால் சுரண்டினாலும் உரியாத பதம் வந்ததும் அலுமினியத் தாளிலோ மெழுகு பூசாத பழுப்புக் காகிதத்திலோ இறுக்கிச் சுற்றுங்கள். ஆவி அவ்வளவாக வெளியேறாது, முள் மறுபடி ஏறும்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 1:15-க்கு வெட்ட வேண்டும். அதற்கு முன் இரண்டு மணி நேரம் ஐஸ் இல்லாத ஐஸ் பெட்டியில் துவாலை சுற்றி ஓய்வு. ஆக 11 மணிக்கு இறக்கியாக வேண்டும், முந்தின இரவு 9 மணிக்கே ஏற்றியாக வேண்டும். சீக்கிரம் வெந்தால் பெட்டியில் சூடாகவே காத்திருக்கும். தாமதமானால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

உள்சூடு 203 டிகிரி என்ற எண்ணை மட்டும் நம்பி இறக்குவதும் தவறு. 195 தாண்டியதும் வெப்பமானிக் கம்பியைக் குத்திப் பாருங்கள், வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். நாருக்குக் குறுக்கே பென்சில் பருமனில் வெட்டி, ஒரு துண்டை ஆள்காட்டி விரல் மேல் போடுங்கள். இரண்டு பக்கமும் வளைந்து தொங்கினால் சரியான பதம். அறுந்து விழுந்தால் அளவுக்கு மீறி வெந்துவிட்டது. விலாக்கறியிலும் இந்தக் குழப்பம் உண்டு. எலும்பிலிருந்து தானாகக் கழன்று விழுவதைச் சாப்பிட வருபவர்கள் கொண்டாடுவார்கள், நடுவர் மதிப்பெண் குறைப்பார். கடித்த இடம் மட்டும் பெயர்ந்து வர வேண்டும்.

புகை வெள்ளையாக, கனமாக வந்தால் இறைச்சி கசக்கும், நாக்கு மரத்ததுபோல் இருக்கும். ஈர விறகோ காற்றுப் போதாமையோ காரணம். மேல் திறப்பை முழுதாகத் திறந்துவிட்டு, கீழ்த் திறப்பால் தீயை அடக்குங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீலப் புகைதான் வேண்டும்.

நடுவர்களுக்கு அனுப்பும் பெட்டியில் ஆறு பேருக்கு ஆறு பங்கு இருக்க வேண்டும். சுற்றிய அலுமினியத் தாளின் ஒரு கிழிசல் ஒட்டிக்கொண்டு போனாலும் அந்தப் பெட்டி தகுதியிழக்கும். இறைச்சியை வீட்டிலேயே மசாலாவில் ஊறவைத்துக் கொண்டுவரவும் கூடாது, அதிகாரி சோதித்த பிறகே உப்புப்பொடி தொடலாம்.

விற்பனைக்கு வருவோம். பச்சை எடையை வைத்து தட்டுகளை எண்ணுவதால்தான் மதியமே சரக்கு தீர்ந்துபோகிறது. எலும்பும் கொழுப்பும் நீரும் போனால் பன்றித் தோள்கறியில் பாதிதான் மிஞ்சும். தட்டுக்கு 150 கிராம் என்றால் 200 தட்டுக்கு 30 கிலோ வெந்த கறி, அதற்கு 60 கிலோ வாங்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தவறு, முந்தின நாள் வேகவைத்த கறியை ஆழமான தட்டில் குவித்து மூடிக் குளிர்பெட்டியில் தள்ளுவது. நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். அதற்குள் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் கிருமி பெருகிவிடும். விருந்து சாப்பிட்டவர்கள் கூட்டமாக வயிற்றுப்போக்கில் விழும்போது பின்னால் பல நேரம் இதுதான் இருக்கும். இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் பரப்பாமல் ஆறவிடுங்கள். மறுநாள் அடுப்பில் 165 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகே பஃபே பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அந்தப் பாத்திரம் சூட்டைக் காக்க மட்டும்தான், அதில் 135-க்குக் கீழே இறங்கவிடாதீர்கள். வெயில் 90 டிகிரியைத் தாண்டினால் வெளியே ஒரு மணி நேரம் கிடந்த கறியைக் கொட்டிவிடுங்கள், காசு போனாலும் பரவாயில்லை.

கை கழுவும் குழாய், அமுக்கினால் மட்டும் நீர் வருவதாக இருக்கக் கூடாது. திறந்தால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இரண்டு கையையும் தேய்க்க வேண்டுமே. தற்காலிக உணவு அனுமதியை மாவட்டச் சுகாதாரத் துறையிடம் முன்கூட்டியே வாங்குங்கள். நன்கொடைச் சீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். வரிவிலக்குள்ள அமைப்பு ஒருவரிடம் 75 டாலருக்கு மேல் வாங்கி அதற்குச் சாப்பாடும் கொடுத்தால், சாப்பாட்டின் மதிப்பு எவ்வளவு என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மிச்சத்துக்குத்தான் அவர் வரிக்கழிவு கேட்கலாம்.

மாலையில் கடைசி வேலை சாம்பல். மேலே வெளுத்திருந்தாலும் உள்ளே கங்கு மறுநாள் வரை உயிரோடிருக்கும். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டாமல் மூடியுள்ள உலோகத் தொட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கிளறி, கூடாரத் துணியிலிருந்து தள்ளி வையுங்கள்.