வரன் போட்டோவுக்கு வருகிறவர்களின் விறைப்பைப் போக்குவது எப்படி?

ஜாதகத்தோடு கொடுக்கிற போட்டோவுக்காக வருகிறவர்கள் அளவுக்கு கேமரா முன்னால் விறைத்துப்போகிறவர்கள் வேறு யாரும் இல்லை. கல்யாண வீட்டில் கூட்டம் இருக்கும், ஆளுக்கொரு வேலை இருக்கும், கேமராவை மறந்துவிடுவார்கள். இங்கே ஒரே ஆள், ஒரு ஸ்டூல், அதோடு 'இதைப் பார்த்துத்தான் யாரோ வேணும் வேண்டாம்னு சொல்லப்போறாங்க' என்கிற நினைப்பு வேறு. கையையும் முகத்தையும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதால் வருகிற பதற்றம்தான் இதில் முக்கால்வாசி. அதனால் அவருக்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள்.

முதலில், முந்தின நாளே போனில் பேசிவிடுங்கள்

எவ்வளவு நேரம் ஆகும், எத்தனை உடை மாற்றலாம், யாரைக் கூட்டிவரலாம் என்பதைச் சொல்லுங்கள். முழு உருவம் ஒன்று, இடுப்பளவு ஒன்று, முகம் ஒன்று, இவ்வளவுதான் என்று தெரிந்தாலே பாதிப் பேருக்கு மூச்சு வந்துவிடும். புதுப் புடவையைவிட ஏற்கெனவே கட்டிப் பழகிய புடவை நல்லது.

இரண்டாவது, அவர் வருவதற்குள் லைட் வேலையை முடித்து வையுங்கள்

ஆளை உட்காரவைத்துவிட்டு ஸ்டாண்டோடு மல்லுக்கட்டினால், அந்தப் பத்து நிமிடத்தில் அவர் முகம் இறுகிவிடும். ஆரம்பத்தில் ஜன்னல் வெளிச்சமும் எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையும் போதும். கிராப் சென்சார் (படம் பதியும் சென்சார் சிறியதாக உள்ள) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், லென்ஸ் திறப்பு எஃப் 2.8 அல்லது 4, ஷட்டர் வேகம் 1/200 நொடி என்று வைத்துக்கொண்டு, முகத்துக்கும் இடுப்பளவுக்கும் சுமார் 2 மீட்டர் தள்ளி நில்லுங்கள், முழு உருவத்துக்கு இன்னும் பின்னால் போங்கள். கிட்டே போனால் மூக்கு பெரிதாகத் தெரியும், அவருக்கும் கூச்சம் கூடும். ஃபேன் ஓடட்டும், முடி பறக்காத அளவுக்கு.

மூன்றாவது, கூட வந்தவர்களைக் கவனியுங்கள்

'நல்லா சிரிடி, ஏன் உம்முனு இருக்கே' என்று பின்னாலிருந்து அம்மா சொல்வார். அவரை வெளியே போகச் சொன்னால் பெண் இன்னும் பயப்படும், அம்மாவும் கோபித்துக்கொள்வார். தெர்மாகோலை அவர் கையில் கொடுத்து, 'அம்மா, இதைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க, நீங்க பிடிச்சாத்தான் முகத்துல நிழல் விழாது' என்று கேளுங்கள். அட்டை ஆடாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையில் பெண்ணுக்கு அறிவுரை சொல்வதை மறந்துவிடுவார். புடவை மடிப்பு கலைந்தால் சரிசெய்யச் சொல்வதும் அவரிடம்தான். நீங்கள் கிளையன்ட்டைத் தொடவே கூடாது, முடி முகத்தில் விழுந்திருந்தாலும் சரி. தலையை எப்படிச் சாய்க்க வேண்டும் என்பதை நீங்களே சாய்த்துக் காட்டினால், எதிரில் இருப்பவர் பார்த்துத் தானாகச் செய்வார்.

நான்காவது, 'சிரிங்க' என்று சொல்லாதீர்கள்

பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-லேயே எழுதிவைத்த விஷயம் இது: உதட்டோரத்தை இழுக்கும் தசையை நாம் நினைத்தபோது அசைக்கலாம், ஆனால் கண்ணைச் சுற்றியுள்ள தசை உண்மையான மகிழ்ச்சி வந்தால்தான் சேர்ந்துகொள்ளும். ஆகவே நீங்கள் 'சிரிங்க' என்றால் உதடு மட்டும் கேட்கும், கண் கேட்காது. வந்த படம் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கும்.

புகைப்படக்காரர் பிலிப் ஹால்ஸ்மன் 1950-களில் பெரிய பெரிய ஆட்களையெல்லாம் குதிக்கச் சொல்லிப் படம் எடுத்தார், அமெரிக்க அரசியல்வாதி நிக்சன் உட்பட. குதிக்கிற ஆளின் கவனமெல்லாம் குதிப்பதில் போய்விடுவதால் முகத்தைக் காபந்து பண்ண முடியாது என்பது அவர் கணக்கு. பட்டுப்புடவையில் குதிக்கச் சொல்ல முடியாது, சரி. நாலடி பின்னால் போய் மெதுவாக நடந்துவரச் சொல்லலாம். ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பச் சொல்லலாம். வாயால் மூச்சை 'உஃப்' என்று விடச் சொல்லுங்கள், தோள் தானாக இறங்கும். அதிகம் கண் சிமிட்டுகிறவர்களைக் கண்ணை மூடவைத்து, மூன்று எண்ணியதும் திறக்கச் சொல்லி உடனே கிளிக் செய்யுங்கள். கைக்கு முந்தானை நுனியோ வாட்ச்சோ சட்டையின் கைமடிப்போ கொடுங்கள்.

பேச்சு கொடுக்கும்போது சம்பளம், வயது, 'எப்போ கல்யாணம்' பக்கம் மட்டும் போகாதீர்கள். அதைத்தான் ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாலே போதும், உப்புமா என்று சொல்லும்போது நிறைய பேருக்கு நிஜமான சிரிப்பு வருகிறது.

ஐந்தாவது, ஸ்கிரீனைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்

புதியவர்கள் இதில்தான் கெடுக்கிறார்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் குனிந்து, புருவத்தைச் சுருக்கி, ஒன்றும் சொல்லாமல் எதையோ திருகுவார்கள். அவர்களுக்கு அது எக்ஸ்போஷர் பிரச்சினை, எதிரில் இருப்பவருக்கு 'நான் அசிங்கமா இருக்கேன் போல'. திருகும்போதும் பேசிக்கொண்டே இருங்கள்: 'வெளிச்சம் கொஞ்சம் ஏறிடுச்சு, குறைக்கிறேன், நீங்க அப்படியே இருங்க.'

படத்தைக் காட்டுவதென்றால் முதல் படத்தைக் காட்ட வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, நன்றாக வந்த ஒன்றை மட்டும் காட்டுங்கள். அப்போதும் சிலர் 'இது நான் மாதிரியே இல்லையே' என்பார்கள். தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம் இடவலம் மாறிய முகம், போட்டோவில் வகிடும் மூக்குத்தியும் பக்கம் மாறித் தெரிவதால் அந்நியமாகப் படுகிறது, மற்றவர்கள் எல்லோரும் உங்களை இப்படித்தான் பார்க்கிறார்கள் என்று விளக்குங்கள். இன்னும் சந்தேகமாக இருந்தால் கூட வந்த அம்மாவிடம் காட்டுங்கள், 'அப்படியே இருக்காளே' என்பார்.

ஆறாவது, 'முடிஞ்சது' என்று சொன்ன பிறகும் கேமராவை உறையில் போடாதீர்கள்

அந்த வார்த்தையைக் கேட்டதும் தோள் தளர்ந்து, முடியை ஒதுக்கிக்கொண்டு, அம்மாவைப் பார்த்து 'அப்பாடா' என்று ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். திருட்டுத்தனமாக எடுக்க வேண்டாம். 'இப்படியே இன்னும் ரெண்டு எடுத்துக்கட்டுமா' என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. படம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கிளையன்ட்டைத் தனியாகப் பார்க்கவிடுங்கள், அதற்கு அப்புறம்தான் சித்தி, பெரியப்பா எல்லாம். நிறத்தை வெளுக்கச் சொல்லிக் கேட்டால், பெண் பார்க்க வருகிறவர்கள் நேரில்தானே பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லி மறுத்துவிடுங்கள்.