சுரங்க மண்மேட்டில் பசுமை: முதலில் புல், அப்புறம்தான் மரம்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க, அதன்மேல் கிடக்கும் மண்ணையெல்லாம் வாரிக் குவிக்கிறார்கள். அப்படிக் குவிந்த மேட்டில் விதை போட்டால் முளைக்கத்தான் செய்யும், நிற்காது. ஆழத்திலிருந்து வந்த மண் அது; மட்குச் சத்தும் நுண்ணுயிரும் பெயருக்குத்தான் இருக்கும். இப்படியொரு மேட்டில் ஒரு ஏக்கரையாவது பச்சையாக்க நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு. சுரங்கத்தாரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்காதீர்கள். மழை பெய்த மறுநாள் மேட்டின் விளிம்புக்குப் போகவே வேண்டாம்.

படி 1: கடப்பாரையால் குத்திப் பாருங்கள்

பத்து இடத்தில் குத்துங்கள். ‘ணங்’ என்று திரும்பி வந்தால் டிப்பர் ஓடி இறுகிய மண். அரை மீட்டர் ஆழத்துக்காவது கிளறாமல் எதை நட்டாலும் வீண். அங்கங்கே மண் எடுத்துக் கலந்து, மண் பரிசோதனை நிலையத்தில் கார அமில நிலை, உப்பு, கரிமச்சத்து மூன்றையும் பாருங்கள். கார அமில நிலை 5.5-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு இட வேண்டும். எவ்வளவு என்று அவர்களையே கேளுங்கள். தோண்டும்போது ஒதுக்கி வைத்த மேல்மண் கிடைத்தால் அதுதான் புதையல். முழு இடத்துக்கும் போதாவிட்டால் குழிகளுக்குள் மட்டும் போடுங்கள்.

படி 2: தண்ணீரை நிறுத்துங்கள்

சரிவின் குறுக்கே, ஒரே மட்டத்தில் ஓடும்படி சம உயர வரப்பு போட்டு, அதன் மேல்பக்கம் சிறு வாய்க்கால் வெட்டுங்கள். எங்கள் முதல் வருஷம் வரப்பு பாதி முடிந்திருக்கும்போதே கன்று நட்டுவிட்டோம். ஒரே ராத்திரி மழை. காலையில் பாதிக் கன்றுகள் அடிவாரத்தில் சேற்றோடு கிடந்தன. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் மண்வேலையை முடித்துவிடுங்கள்.

படி 3: புல்

சுரங்கம் தோண்டி முடித்த இடத்தில் மீண்டும் புல் வளர்ப்பதைக் குத்தகை நிபந்தனையாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. நாமோ ‘மரம் நடுவிழா’ என்றுதான் பேனர் அடிக்கிறோம்! மழைத்துளியின் அடியைத் தாங்கி மண்ணைப் பிடிப்பது புல்தான்.

வரப்பின் மேல் வெட்டிவேர், இடையில் கொழுக்கட்டைப் புல். அதனோடு கொழுஞ்சியும் சணப்பும் விதையுங்கள். இரண்டும் காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணுக்குக் கொண்டுவரும். கொழுஞ்சி விதையின் தோல் கெட்டி. ஒரு பிடி மணலோடு சேர்த்துச் சாக்கில் போட்டுத் தேய்த்து, இரவு முழுக்க ஊறவைத்து விதைத்தால் நன்றாக முளைக்கும். சணப்பைப் பூக்கும் பருவத்தில் வெட்டி அங்கேயே பரப்பிவிடுங்கள். ஆடுமாடு வராமல் வேலி கட்டாயம்.

படி 4: மரம்

அடுத்த பருவமழைக்கு நடலாம். வேம்பு, புங்கம், வாகை, நாவல், இலந்தை, ஆவாரை என்று கலந்து நடுங்கள். தைலமரமும் கத்திச்சவுக்கும் சீக்கிரம் வளரும். ஆனால் அவற்றை மட்டுமே நட்டால் கிடைப்பது தோப்புதான், காடு இல்லை. சீமைக்கருவேலம் தானாக வரும். முளையிலேயே பிடுங்குங்கள்.

படி 5: கணக்கு

மண் நிற்கிறதா, செடி பிடிக்கிறதா என்று கணக்கெடுக்க வேண்டும். பலரும் கைவிடுவது இங்கேதான். செலவு பெரிதாக இல்லை.

அரை மீட்டருக்குமேல் நீளமுள்ள இரும்புக் கம்பிகளை, மேலே 10 செ.மீ. தெரியும்படி சரிவில் அடித்துவையுங்கள். மழைக்குப் பின் 11 செ.மீ. தெரிந்தால் ஒரு சென்டிமீட்டர் மண் போயிருக்கிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஒரு ஹெக்டேர் முழுக்க அப்படிப் போயிருந்தால் 100 கனமீட்டர்!

பிவிசி குழாயில் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் செய்து, குறித்துவைத்த இடங்களில் வைத்து, எத்தனை வகைச் செடி, எவ்வளவு தரை மூடியிருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். அதே இடத்தில் நின்று, அதே திசையில், மாதம் ஒரு படம் எடுங்கள். சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இலவசம். 10 மீட்டர் துல்லியத்தில் பசுமை கூடுவது தெரியும். ஆனால் அந்தப் பச்சை புங்கமா சீமைக்கருவேலமா என்று படத்தை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள்.

கன்றுகளுக்கு எண் எழுதி, ஜனவரியில் ஒருமுறையும் மே கடைசியில் ஒருமுறையும் எண்ணுங்கள். செத்ததைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். குழிக்குள்ளேயே சுருண்டு கிடந்தால் அடிமண் இன்னும் இறுக்கம் என்று அர்த்தம். அந்தக் குழியில் மறுபடி கன்று வைக்குமுன் கடப்பாரையை எடுங்கள்.