சோளத்தின் நிறத்தை நம்ப வேண்டாம்: கோழித் தீவனத்தில் டானின், தவிர்க்க வேண்டிய தவறுகள்

மக்காச்சோளம் விலை ஏறும்போதெல்லாம் நாமக்கல், பல்லடம் பக்கத்துத் தீவன மில்களில் சோளமும் கம்பும் லோடு லோடாக இறங்கும். 2018இல் படைப்புழு நம் நாட்டு மக்காச்சோளத்தில் பரவியது. பிறகு எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளம் வாங்க வந்துவிட்டன. இனி மாற்றுத் தானியம் இல்லாமல் பண்ணை ஓடாது. சோளம் அதற்கு நல்ல தேர்வுதான். டானின் என்ற துவர்ப்புப் பொருள் இல்லாத சோளத்தில் கிலோவுக்கு ஏறத்தாழ 3,200 கிலோ கலோரி எரிசக்தி கிடைக்கும். மக்காச்சோளத்தை விடச் சற்றுத்தான் குறைவு. டானின் இருக்கிறதா என்று பார்க்காமலே மிக்ஸரில் கொட்டுவதுதான் ஆபத்து.

சில சோள ரகங்களில் மேல்தோலுக்குக் கீழே நிறமுள்ள மெல்லிய உள்ளுறை ஒன்று இருக்கும். டானின் இருப்பது அதில்தான். கோழியின் குடலில் அது தீவனப் புரதத்தோடு இறுகப் பிணைகிறது. டிரிப்சின், அமைலேஸ் போன்ற செரிமான நொதிகளையும் முடக்குகிறது. தீவனத்தில் 20 சதவீதப் புரதம் இருப்பதாக ஆய்வகம் சொல்லும்; அதில் ஒரு பங்கு செரிக்காமல் எச்சத்தோடு போய்விடும். குஞ்சு தின்னும், எடை கூடாது. முட்டைக்கோழியில் முட்டை எண்ணிக்கையும் எடையும் இறங்கும்.

நிறத்தை வைத்து முடிவு செய்வது

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு இது. சிவப்பாக இருந்தால் டானின், வெள்ளையாக இருந்தால் பயமில்லை என்று வாங்குகிறார்கள். மேல்தோலின் நிறம் வேறு, உள்ளுறை வேறு. டானின் துளியும் இல்லாத செஞ்சோளம் உண்டு. வெளியே வெளுப்பாகத் தெரிந்து உள்ளே டானின் உறை உள்ள சோளமும் உண்டு. பிளேடால் மேல்தோலை லேசாகச் சுரண்டி, அடியில் பழுப்பு அடுக்கு தெரிகிறதா என்று பார்ப்பது முதல் சோதனை. ஆனால் லோடு முழுவதையும் அப்படித் தீர்மானிக்க முடியாது. அதற்கு பிளீச் சோதனை இருக்கிறது. மில்லிலேயே 20 நிமிடத்தில் முடித்துவிடலாம்.

பத்துப் பதினைந்து மூட்டைகளிலிருந்து சோளம் எடுத்துக் கலந்து, உடையாத 100 மணிகளை எண்ணி ஒரு கண்ணாடிக் குவளையில் போடுங்கள். 3.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் (பிளீச்) 100 மில்லியில் 5 கிராம் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரைத்து, மணிகள் மூழ்கும் அளவு ஊற்றுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குவளையைச் சுழற்றிவிடுங்கள். 20 நிமிடம் ஆனதும் டீ வடிகட்டியில் கொட்டித் தண்ணீரில் அலசி, வெள்ளைத் தாளில் பரப்பி ஒற்றி எடுங்கள். முழுக்கக் கறுத்த மணிகள் டானின் சோளம். வெளுத்தவை டானின் இல்லாதவை. கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம்; பக்கத்தில் எந்த அமிலமும் இருக்கக் கூடாது.

இந்தச் சோதனையிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. சாதாரண சோளத்திலும் முளை இருக்கும் நுனி பழுப்பாகும். பூசணம் பிடித்த மணியில் திட்டுத் திட்டாகக் கறுப்பு தெரியும். அவற்றைக் கணக்கில் சேர்த்தால் நல்ல லோடைத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். மாதக்கணக்கில் திறந்து கிடந்த பிளீச் வீரியம் இழந்திருக்கும். அப்போது டானின் மணியும் சரியாகக் கறுக்காது. டானின் உள்ளது, இல்லாதது என்று உறுதியாகத் தெரிந்த மணிகள் சிலவற்றைத் தனிக் குவளையில் கூடவே போட்டுப் பார்த்தால் கரைசலின் நிலை தெரிந்துவிடும்.

இந்தச் சோதனை எத்தனை மணிகளில் டானின் என்று சொல்லும், எத்தனை சதவீதம் டானின் என்று சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். அங்கேயும் டானினும் அடங்கிய பெரிய வேதிக் குழுவான ‘மொத்த பீனால்’ அளவை வாங்கி அதையே டானின் என்று படிப்பது வழக்கமாகிவிட்டது. டானின் இல்லாத சோளத்திலும் பீனால்கள் உண்டு. வெனிலின் முறையில், சோளத்தில் இருக்கும் வகையான செறிந்த டானினைத் தனியாக அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மக்காச்சோளத்துக்குப் பதில் சோளத்தைக் கிலோவுக்குக் கிலோ மாற்றுவது

தீவனத்தில் டானின் 0.5 சதவீதத்தைத் தாண்டினாலே வளர்ச்சி பாதிக்கத் தொடங்கலாம். சோளத்தில் 2 சதவீத டானின் இருந்து, அதை டன்னுக்கு 500 கிலோ சேர்த்தால் தீவனத்தில் 1 சதவீதம் ஆகிவிடும். 200 கிலோ சேர்த்தால் 0.4 சதவீதம். லோடுக்கு ஏற்ப இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் சேர்க்கும் அளவை முடிவு செய்ய வேண்டும். பிராய்லருக்கு முதல் மூன்று வாரத்தில் டானின் சோளமே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பெரிய கோழிகளை விடக் குஞ்சுகள் அதிகம் பாதிக்கப்படும். கால் வளைந்து, ஹாக் மூட்டில் (காலின் நடு மூட்டில்) கோணிப்போன குஞ்சுகளையும் பார்க்கலாம். அது கால்சியக் குறைவால் வருவதல்ல. டானிக் ஊற்றினால் சரியாகாது, தீவனத்தை மாற்ற வேண்டும்.

சேர்த்தே ஆக வேண்டுமென்றால், மொத்தப் புரதத்தை வைத்துக் கணக்குப் போடாமல் செரிக்கும் அமினோ அமிலங்களை வைத்துப் போடுங்கள். வழக்கமான தேவைக்கு மேல் டன்னுக்கு 1 முதல் 1.5 கிலோ டி.எல். மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் சேர்த்தால் பாதிப்பு ஓரளவு குறையும், முழுதாக நீங்காது.

சோளத்தை மட்டும் கவனித்து மற்றதை மறப்பதும் நடக்கிறது. கடுகுப் புண்ணாக்கு, பழுப்புக் கேழ்வரகு, தோலோடு அரைத்த புளியங்கொட்டை, மாங்கொட்டைப் பருப்பு, சால் விதைப் புண்ணாக்கு ஆகிய எல்லாவற்றிலும் டானின் இருக்கிறது. ஒரே கலவையில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் ஒவ்வொன்றும் ‘குறைந்த அளவு’ என்ற கணக்கு பொய்த்துவிடும். கம்பில் இந்தத் தொல்லை இல்லை, எண்ணெய்ச் சத்தும் சோளத்தை விட அதிகம். விலை கட்டுப்படியானால் டானின் சோளத்தை விட்டுக் கம்புக்குப் போவதே மேல்.

என்சைம் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புவது

பைட்டேஸ் என்சைம், தானியத்தில் பாஸ்பரஸைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட்டைப் பிரிக்கும். சைலனேஸ் நார்ப்பொருளை உடைக்கும். இரண்டும் டானினைத் தொடாது. நீராவியில் பெல்லட் போட்டாலும் டானின் அழியாது. ஈரச் சூட்டில் சோளப் புரதமே செரிக்கக் கடினமாகும்.

ஊறவைப்பது, சாம்பல் தண்ணீரில் போடுவது ஆகியவை டானினைக் குறைக்கும் என்பது உண்மை. வீட்டில் இருபது கோழி வளர்ப்பவர் செய்யலாம். டன் கணக்கில் நனைத்த சோளத்தை ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காயவைக்க முடியாதவர்கள் தொடவே கூடாது. டானின் போய், அஃப்ளாடாக்ஸின் என்ற பூசண நஞ்சு வந்து சேரும். முளைகட்டுவது அதைவிட ஆபத்து. சோள முளையில் சயனைடு உருவாக்கும் பொருள் இருக்கிறது.

குடல் ஆரோக்கியத்துக்கென்று செஸ்நட் மர டானின் விற்கிறார்களே, அப்படியானால் சோள டானினும் நல்லதுதானே என்று கேட்பவர்கள் அளவைப் பார்க்க வேண்டும். அதை டன்னுக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ என்றுதான் சேர்ப்பார்கள். மேலே சொன்ன 500 கிலோ சோளக் கணக்கில் உள்ளே போவது 10 கிலோ டானின். டானின் வகையும் வேறு.

மஞ்சள் கரு வெளுத்தால் டானின்மேல் பழி போடாதீர்கள். சோளத்தில் மஞ்சள் நிறமி மிகக் குறைவு. டானின் இல்லாத சோளம் போட்டாலும் கரு வெளுக்கும். செண்டுமல்லிச் சாறு கலந்த நிறமியோ மக்காச்சோள குளூட்டனோ சேர்த்தால் நிறம் திரும்பும். முட்டை சிறுத்தாலும் முதலில் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைப் பாருங்கள். மக்காச்சோளத்தை விடச் சோளத்தில் அது குறைவு, கொஞ்சம் சோயா எண்ணெய் ஈடுகட்டும்.

ஒவ்வொரு லோடிலும் அரைக் கிலோ சோளத்தைத் தேதி, லாரி எண், கறுத்த மணிகளின் எண்ணிக்கை எழுதிய கவரில் போட்டு, அந்தத் தீவனம் தின்ற கோழி விற்பனையாகும்வரை வைத்திருங்கள். எடை குறைந்தால் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளவும், வியாபாரியிடம் பேசவும் அது வேண்டும்.