கூஸ்பெர்ரி–கிவி ஜாம்: இரண்டு பழம், இரண்டு பக்குவம்

ரஷ்யாவிலும் உக்ரைனிலும் ஜூலையில் தோட்டத்துக் கூஸ்பெர்ரி காய்ப்புக்கு வந்துவிடும். முள்செடியில் கையைக் கீறிக்கொண்டு பறித்த காயோடு கடையில் வாங்கிய கிவியைச் சேர்த்து ஜாம் போட்டு, பாட்டிலில் அடைத்து நிலவறையில் வைப்பார்கள். ஜனவரிக் குளிரில் சின்னத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு தேநீரோடு கரண்டி கரண்டியாகச் சாப்பிடுவதற்கு. நிறத்தை வைத்து அதற்கு ‘மரகத ஜாம்’ என்று பெயர். இங்கிலாந்து, கனடா பக்கம் குடியேறிய நம்மவர்கள் வீட்டுத் தோட்டத்திலும் இந்தச் செடி உண்டு. ஆனால் புதிதாகப் போடுகிறவர்கள் பத்துப் பேரின் பாட்டிலைத் திறந்தால் மரகதம் கண்ணில் படாது. பழுப்புப் பாகு, அதில் மிதக்கும் ரப்பர் தோல், அவ்வளவுதான்.

பழத்தைக் கழுவுங்கள், பாட்டிலைத் துடையுங்கள் என்பதெல்லாம் தெரிந்ததே. தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

நெல்லிக்காய் என்று நினைத்துத் தொடங்குவது

அகராதியில் கூஸ்பெர்ரிக்கு நேரே நெல்லிக்காய் என்று போட்டிருக்கும். இரண்டுக்கும் உறவே இல்லை. நெல்லிக்கு உள்ளே ஒற்றைக் கொட்டை, நார்ச்சதை, துவர்ப்பு. கூஸ்பெர்ரிக்கு மெல்லிய தோல், அதில் வெளிறிய கோடுகள், உள்ளே திராட்சை போன்ற சதையும் பொடி விதைகளும். நெல்லி ஜாமுக்கு எழுதிய தண்ணீர், சர்க்கரை, வேகும் நேரம் எதுவும் இதற்குப் பொருந்தாது. பெயர்க் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. கிவியும் முன்பு ‘சீனக் கூஸ்பெர்ரி’ என்றுதான் விற்கப்பட்டது. 1904இல் சீனாவிலிருந்து விதையாக நியூசிலாந்து போய்ச் சேர்ந்த பழம் அது. 1959இல்தான் ஏற்றுமதிக்காகக் கிவி என்ற பெயரைச் சூட்டினார்கள்.

எல்லாவற்றையும் ஒன்றாகச் சட்டியில் கொட்டுவது

இத்தனை பழமும் சர்க்கரையும் வீணாவதற்கு முதல் காரணம் இதுதான். குறுங்காணொளிகளில் திரும்பத் திரும்ப இதையே காட்டுகிறார்கள்: ஒரு கிலோ கூஸ்பெர்ரி, நறுக்கிய கிவி, மேலே சர்க்கரை மலை, அடுப்பைப் பற்றவை, கிளறு. பார்க்க அழகாக இருக்கும். பாட்டில் ஆறிய பிறகு என்ன ஆயிற்று என்பதை யாரும் காட்டுவதில்லை. அதைப் பார்த்துச் செய்தவர்களோ, பழம் சரியில்லை, சர்க்கரை சரியில்லை என்று வேறெதையோ குறை சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.

இரண்டு பழத்துக்கும் தேவை நேர் எதிர். கூஸ்பெர்ரிக்குச் சர்க்கரை படாமல் தண்ணீரில் நிதானமாக வேக வேண்டும். கிவிக்குச் சூடே பகை. கடைசியில் சில நிமிடம் கொதி பட்டால் போதும்.

வேகாத கூஸ்பெர்ரி மேல் சர்க்கரை விழுந்தால், அது காயின் உள்ளே இருக்கும் நீரை இழுத்து வெளியே கொண்டுவந்துவிடும். காய் சுருங்கும். தோல் அந்த நிலையிலேயே இறுகிப்போகும். அதன் பிறகு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டாலும் மிருதுவாகாது. ஆட்டுத் தோலைக் கடிப்பதுபோல இருக்கும். இதைத் திருத்த வழியே கிடையாது. வடிகட்டிப் பாகாகப் பயன்படுத்திக்கொள்ளலாம், அவ்வளவே.

தொல்லை அதோடு நிற்பதில்லை. ஜாமை இறுக வைப்பது பெக்டின். கூஸ்பெர்ரியில் அது தாராளமாக உண்டு. ஆனால் காய் நன்றாக வெந்து குழைந்தால்தான் தண்ணீருக்கு இறங்கிவரும். வேகாத காயில் பெக்டின் உள்ளேயே அடைந்துகிடக்கும். ஜாம் இறுகாது. இறுகவில்லையே என்று இன்னும் இருபது நிமிடம் கொதிக்க விடுவார்கள். அந்த இருபது நிமிடத்தில் கிவியின் கதை முடிந்துவிடும். அதன் பச்சை, இலைப் பச்சையே. புளிப்பும் சூடும் சேர்ந்தால் அந்த நிறமி தன்னிடமுள்ள மெக்னீசியத்தை இழந்து காக்கி நிறமாகிவிடும். போதாததற்குக் கூஸ்பெர்ரியும் நெடுநேரம் கொதித்தால் இளஞ்சிவப்பாக மாறும். காக்கியும் சிவப்பும் கலந்தால் கிடைப்பது அந்தப் பழுப்புப் பாகு. ரப்பர் தோல், இறுகாத பாகு, செத்த நிறம் ஆகிய மூன்றும் தனித்தனிக் குறைகள் போலத் தெரியும். மூன்றுக்கும் வேர் அந்த முதல் நிமிடத்தில் இருக்கிறது.

சரியான வரிசை இது.

அளவு: காம்பும் காய்ந்த பூமுனையும் கத்தரித்த கூஸ்பெர்ரி 1 கிலோ, தோல் சீவிய கிவி 400 கிராம் (ஐந்தாறு பழம்), சர்க்கரை 1.3 கிலோ, தண்ணீர் 300 மி.லி. எலுமிச்சை வேண்டாம், கூஸ்பெர்ரியின் புளிப்பே போதும். கடையில் விற்கும் பெக்டின் பொடியும் வேண்டாம்.

கிவியை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, சர்க்கரையில் 150 கிராமை மட்டும் அதன் மேல் தூவி இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். நீர் விடும். அந்தச் சாற்றை வடித்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையை முன்னாலேயே செய்துவிட்டால், கிவியின் நீரில் பெரும்பகுதியைக் கிவி இல்லாமலே வற்றவைத்துவிடலாம்.

கூஸ்பெர்ரியையும் தண்ணீரையும் அகலமான, அடி கனத்த எவர்சில்வர் சட்டியில் போட்டு மிதமான தீயில் 15 முதல் 20 நிமிடம் வேகவிட வேண்டும். கடிகாரத்தை நம்ப வேண்டாம். ஒரு காயைக் கரண்டியில் எடுத்து ஆற்றி, தோலை விரலிடையில் நசுக்கிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் மசிய வேண்டும். மசியாவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம். இங்கே பொறுமை இழந்தவர்தான் மேலே சொன்ன மூன்று குறைகளோடும் போராட வேண்டியிருக்கும்.

அடுப்பை அணைத்து, மீதி 1.15 கிலோ சர்க்கரையையும் கிவிச் சாற்றையும் சேர்த்துக் கரையும்வரை கிளறுங்கள். சட்டியின் அடியில் நறநறவென்ற சத்தம் நின்ற பிறகு தீயை முழுதாக ஏற்றலாம். கரையாத சர்க்கரையோடு கொதித்தால் அடி பிடிக்கும். பிறகு பாட்டிலில் கற்கண்டு போலப் படியும். வெப்பமானி 105 பாகை செல்சியஸைத் தொட்டதும் கிவித் துண்டுகளைப் போடுங்கள். சூடு சற்றே இறங்கும். கொதி மறுபடி எழுந்து 104 அல்லது 105க்கு வர ஐந்து நிமிடம் ஆகலாம். வந்ததும் இறக்கிவிடுங்கள்.

இப்படிச் செய்தாலும் பச்சைப் பழத்தின் பளிச் நிறம் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இளம் பொன் கலந்த பச்சையில் கண்ணாடிபோலத் தெரியும் ஜாம் கிடைக்கும். சூடு பட்ட கிவியிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நன்றாகப் பழுத்த கூஸ்பெர்ரியே நல்லது என்று காத்திருப்பது

பழுக்கப் பழுக்கப் பெக்டினும் புளிப்பும் குறையும். முற்றிய, ஆனால் இன்னும் பச்சையாகக் கெட்டியாக இருக்கிற காய்தான் ஜாமுக்கு. கிவிக்கு இதற்கு நேர்மாறு: கெட்டிக் கிவியில் வெறும் புளிப்பும் மாவுச்சத்தும்தான் இருக்கும். காம்புப் பக்கம் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். கல் போல இருந்தால் இரண்டு மூன்று நாள் ஆப்பிளோடு காகிதப் பையில் போட்டு வையுங்கள்.

கிவியை மிக்ஸியில் அடிப்பது

விதை உடைந்தால் கசக்கும். கத்தியே போதும். நடுவில் இருக்கும் வெள்ளைத் தண்டு கெட்டியாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

ஈயம் பூசாத பித்தளை, செம்பு, அலுமினியம்

வேண்டாம். செம்பில் பச்சை நிறம் நன்றாக நிற்கும் என்பது உண்மைதான். நிற்பதற்குக் காரணம் செம்பு ஜாமுக்குள் இறங்குவதுதான்.

ஜெலட்டின் போட்டு இறுக வைக்கப் பார்ப்பது

வேகவைக்காத ஜாமை இப்படி இறுக்கப் பலர் முயல்கிறார்கள். பச்சைக் கிவியில் ஆக்டினிடின் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தைச் சிதைக்கும். இறைச்சியை மிருதுவாக்கக் கிவிச் சாறு தடவுவது இதற்காகத்தான். ஜெலட்டின் முழுக்கப் புரதம். எவ்வளவு போட்டாலும் தண்ணீராகவே கிடக்கும். கிவியைக் கொதிக்கவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆனால் கொதிக்கவிட்ட ஜாமுக்குக் கூஸ்பெர்ரியின் பெக்டினே இருக்கும்போது ஜெலட்டின் எதற்கு?

பாகுப் பதத்தில் ஜாமைத் தேடுவது

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிப் பழகிய கை இங்கே ஏமாறும். அதிரசப் பாகைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வரும். அந்தப் பதம்வரை ஜாமைக் கொண்டுபோனால் ஆறியதும் கரண்டி இறங்காத மிட்டாய்தான் மிஞ்சும். ஜாம் சூட்டில் தளர்வாகத்தான் இருக்கும். இறுகுவது ஆறும்போது.

முதலில் ஒரு சின்னத் தட்டை உறைபெட்டியில் வையுங்கள். சோதிக்கிற நேரத்தில் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். இதை மறப்பவர்கள் ஏராளம், சோதித்து முடிப்பதற்குள் ஜாம் பதம் தாண்டியிருக்கும். குளிர்ந்த தட்டில் ஒரு கரண்டி ஜாம் விட்டு ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளினால் மேற்பரப்பு சுருங்க வேண்டும். வெப்பமானியை நம்புகிறவர்கள் முதலில் அதைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். அது காட்டுகிற எண்ணோடு நாலரை பாகை கூட்டினால் வருவதே உங்கள் சமையலறையின் ஜாம் பதம். கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஒரு பாகை குறையும்.

இன்னும் உறுதியான வழி தராசு. வெறும் சட்டியை முதலிலேயே எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அளவுக்கு ஜாம் மட்டும் 2.1 முதல் 2.2 கிலோவுக்குள் வந்தால் பதம் சரி.

இரண்டு மடங்கு ஒரே சட்டியில்

வற்ற இரண்டு மடங்கு நேரம் ஆகும். நிறம் போகும். இரண்டு தடவையாகப் போடுங்கள்.

சர்க்கரையைப் பாதியாக்கிவிட்டு அலமாரியில் வைப்பது

ஜாம் கெடாமல் இருப்பதற்குக் காரணமே அதில் 65 விழுக்காடு அளவுக்குச் சர்க்கரை இருந்து, நுண்ணுயிர்களுக்கு நீர் கிடைக்காமல் செய்வதுதான். சர்க்கரையைக் குறைக்கத் தடையில்லை. ஆனால் அப்புறம் அது அலமாரிப் பண்டம் அல்ல. குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரங்களில் முடிக்க வேண்டியது.

அரைத்துச் சர்க்கரை கலந்து வேகவைக்காமலே அடைக்கும் பச்சை ஜாமும் அப்படித்தான். ரஷ்ய வீடுகளில் அதைக் குளிரில்தான் வைப்பார்கள். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு அளவை மட்டும் எழுதிக்கொள்கிறவர்களின் அலமாரியில் மூடி உப்பி, பாட்டில் நுரைத்துக்கொண்டிருக்கும். பளிச்சென்ற பச்சைதான் வேண்டும் என்பவர்கள் பச்சை ஜாமைச் சின்ன டப்பாக்களில் உறைபெட்டியில் வையுங்கள். அதற்கு வேறு குறுக்குவழி கிடையாது.

பாட்டிலைத் தலைகீழாக்கிக் கம்பளியில் சுற்றுவது

ரஷ்ய, உக்ரைனிய வீடுகளில் நெடுநாள் வழக்கம் இது: சூடான பாட்டில்களைக் கவிழ்த்து, பழைய கோட்டும் போர்வையும் போட்டு மூடி இரவெல்லாம் மெல்ல ஆறவிடுவது. மற்ற பண்டங்களுக்கு எப்படியோ, இந்த ஜாமுக்கு அது கேடு. ஐந்தே நிமிடக் கொதியில் காப்பாற்றிய கிவி, கம்பளிக்குள் பல மணி நேரம் வெந்துகொண்டே இருக்கும். கவிழ்ப்பதால் மூடி நன்றாக இறுகிவிடும் என்பதும் நம்பத்தகுந்ததல்ல.

தண்ணீரில் 10 நிமிடம் கொதித்த பாட்டில், புது மூடி, விளிம்புக்குக் கீழே அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி, துடைத்த விளிம்பு. சூடான ஜாமைச் சூடான பாட்டிலில் நிரப்பி மூடி, பாட்டில் மூழ்கும் அளவு கொதிநீரில் 5 நிமிடம் வையுங்கள். மலைப்பகுதியில் 10 நிமிடம். பிறகு இடைவெளி விட்டு வரிசையாக நிமிர்த்தி வைத்து, காற்றோட்டத்தில் ஆறவிடுங்கள். மறுநாள் மூடியின் நடுவில் அழுத்திப் பாருங்கள். ‘டிக்’ என்று மேலும் கீழும் போனால் காற்று புகுந்திருக்கிறது. அந்தப் பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைத்து முதலில் தீர்த்துவிடுங்கள்.

பூஞ்சையைச் சுரண்டிவிட்டுச் சாப்பிடுவது

கூடாது. முழுப் பாட்டிலையும் கொட்டுங்கள்.

வெளிச்சமான அலமாரியில் அடுக்கி அழகு பார்ப்பது

வெளிச்சம் பட்டால் சில வாரங்களிலேயே பச்சை வெளிறும். இருட்டான, குளிர்ந்த இடத்தில் ஓராண்டு தாங்கும். மூடியில் தேதியை எழுதி ஒட்டுங்கள். கிவியினால் ஒவ்வாமை வருகிறவர்கள் பலர் உண்டு என்பதால் ‘கிவி உள்ளது’ என்றும் சேர்த்து எழுதுங்கள். நிறத்தைப் பார்த்து வெறும் கூஸ்பெர்ரி ஜாம் என்று நினைத்து விருந்தாளி ரொட்டியில் தடவிவிடுவார்.